நான்கெல்லைக்கு வெளியே

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ‘சொத்து விவரம்’ என்று தலைப்பிட்ட பகுதியைப் படித்துப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், விஸ்தீரணம் எல்லாம் வரிசையாக வரும். பிறகு, விற்கப்படுவது எந்த நிலம் என்று அடையாளம் காட்ட வேண்டிய இடத்துக்கு வந்ததும், பத்திரம் அந்த நிலத்தை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் பங்குக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம் ஏக்கர் இவ்வளவு, சென்ட் இவ்வளவு என்று செக்குபந்தி எழுதியிருப்பார்கள். அதோடும் நிற்காது. பொதுக் கிணற்றில் கால் பங்கு, முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் உரிமை, மேற்படி பாதையில் ஆளும் மாடும் வண்டியும் போய்வரும் மாமூல் பாத்தியம் என்று இன்னும் நாலு வரி தொடரும். பாதையும் வாய்க்காலும் கிணறும் அந்த நிலத்துக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. வாங்குகிறவர் உள்ளே இருக்கும் மண்ணுக்குப் பணம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, பத்திரம் எழுதியவரோ வெளியே இருப்பவற்றை ஒன்று விடாமல் பதிந்து வைத்திருக்கிறார். நிலத்தின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அந்த வரிகளிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். மதிப்பின் பெரும்பகுதி எல்லைக் கற்களுக்கு வெளியே, ஊராரும் அரசாங்கமும் செய்து வைத்த காரியங்களில் இருக்கிறது. இதை ஒப்புக்கொண்டால், நிலம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமல்ல, விலை ஏறும்போது அந்த ஏற்றம் யாரைச் சேர வேண்டும் என்பதும் வேறு மாதிரி தெரியும்.

முதலில் மண்ணையே எடுத்துக்கொள்வோம். மண்ணுக்கு மதிப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேரே ‘மண் வயனமும் ரகமும்’, ‘தரம்’, ‘தீர்வை’ என்று கட்டங்கள் உண்டு. கரிசலா செம்மண்ணா, எத்தனையாவது தரம், அதற்கு எவ்வளவு தீர்வை என்று வெள்ளைக்காரன் காலத்தில் வயல் வயலாகப் போய்த் தரம் பிரித்த கணக்கின் தொடர்ச்சி அது. நிலத்தின் வருமானம் விளைச்சல் மட்டும்தான் என்றிருந்த காலத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தியது. இன்றைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் வயல், உழவு கூலி, உரம், அறுவடை எல்லாம் போக ஆண்டுக்கு 50,000 ரூபாய் மிச்சம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டு அதே 50,000 ரூபாயைப் பெற வேண்டுமானால் 7 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேலே போட்டால் போதும். விளைபொருள் விலை காலப்போக்கில் ஏறும், நிலம் தேயாது என்பதற்காகக் கூடுதலாகச் சேர்த்தாலும் 10, 12 லட்சத்தில் நிற்கும். ஆனால் நாற்கர சாலை ஓரத்தில் அதே மாதிரி வயல் 50 லட்சம் கேட்கப்படுகிறது என்றால், மீதியுள்ள 40 லட்சத்தை நெல் விளைத்துச் சம்பாதிக்க முடியாது. அது சாலையின் விலை. அந்தச் சாலையோரம் நாளைக்கு ஒரு பெட்ரோல் பங்கோ மனைப்பிரிவோ வரும் என்ற எதிர்பார்ப்பின் விலை.

விளைச்சலின் பங்கான அந்த 10 லட்சமாவது முழுக்க மண்ணுடையதா என்றால், அதுவும் இல்லை. நன்செய்யை நன்செய் ஆக்குவது தண்ணீர். தஞ்சை வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது கல்லணையும், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும், அவற்றிலிருந்து கிளை பிரியும் ஆயிரக்கணக்கான வாய்க்கால்களும். கடைமடையில் இருக்கிற ஏக்கருக்கும் தலைமடையில் இருக்கிற ஏக்கருக்கும் மண் ஒன்றாகவே இருக்கலாம். வாய்க்காலில் தண்ணீர் யாருக்கு முதலில் வருகிறது என்பதில்தான் விலை வித்தியாசப்படுகிறது. வரப்பு போட்டு, மேடு பள்ளம் திருத்தி, தொழு உரம் கொட்டித் தலைமுறைகளாக வயலைப் பண்படுத்திய உழவரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உழைப்பு விளைச்சலில் தெரிகிறது. நகரத்தை ஒட்டி ஏறும் விலையில் அது தெரிவதில்லை என்பதுதான் வருத்தம். நன்றாகப் பண்படுத்திய வயலும் பத்து வருஷமாகத் தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலம் மண்டிய வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், மனை போடுகிறவர் இரண்டுக்கும் ஒரே விலைதான் பேசுவார்.

இதற்குச் சென்னையிலேயே நல்ல சாட்சி தியாகராய நகர். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மாம்பலம் ஏரி இருந்தது. 1920-களில் நகரம் விரிந்தபோது, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், ஏரியைத் தூர்த்து மனைகளாகப் பிரித்தார்கள். நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள் என்று திட்டமிட்டுப் போட்ட நகர் அது. பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயரும் நகருக்குச் சர் பிட்டி தியாகராயர் பெயரும் வைத்தார்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலம் நிலையத்தில் இறங்குகிற கூட்டம் வெளியே வர ஒரு குறுகிய தெரு. அதுதான் ரங்கநாதன் தெரு. இன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு சதுர அடிக்கு என்ன விலை என்பது அந்தக் கூட்டத்தின் விலை. ரயில் நிலையத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் ரங்கநாதன் தெரு வீடுகள் மட்டும் இருக்கும் சாதாரணத் தெருவாக இருந்திருக்கும். ஏரிக்கரையில் இருந்தவர்களில் ஒருவர்கூட அந்த ரயில் பாதையைப் போடவில்லை. மண்ணோ, ஏரியின் வண்டல்.

இன்னும் தெளிவான சோதனை ஒன்று பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 2014-இல் ஆந்திரம் பிரிந்தபின், கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியில் புதிய தலைநகரம் என்று முடிவானது. விவசாயிகளிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்காமல், சுமார் 33,000 ஏக்கரை அவர்களிடமிருந்து திரட்டி, நகரம் அமைத்தபின் ஒரு பகுதியை மனையாகத் திருப்பிக் கொடுப்பது என்று அரசு திட்டம் வகுத்தது. ஒரு ஏக்கர் என்பது 4,840 சதுர கஜம். மானாவாரி நிலம் ஒரு ஏக்கர் கொடுத்தவருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கஜம் வணிக மனையும் திரும்பக் கிடைக்கும். ஆற்றோரத்தில் வாழையும் காய்கறியும் ஆண்டு முழுக்க விளையும் ‘ஜரீபு’ நிலத்துக்குக் குடியிருப்பு மனை அதே அளவு, வணிக மனை மட்டும் கூடி 450 சதுர கஜம். இந்தக் கணக்கை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். கொடுத்ததில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, கூடிப்போனால் பத்தில் மூன்று பங்குதான் திரும்பி வருகிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான விவசாயிகள் கையெழுத்துப் போட்டார்கள் என்றால், சாலையும் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் தலைநகரம் என்ற பெயரும் சேர்ந்த கால் பங்கு, அவை இல்லாத முழுப் பங்கைவிட மதிப்பு மிக்கது என்று அவர்கள் கணித்தார்கள். வளமான ஆற்றோர மண்ணுக்கும் மானாவாரிக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 200 சதுர கஜமாகச் சுருங்கிவிட்டது. பிறகு 2019-இல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகரங்கள் என்று அறிவிப்பு வந்தது, கட்டுமானம் நின்றது, விலை சரிந்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2021-இல் அமராவதியிலிருந்து திருப்பதி வரை கால்நடையாக நடந்தார்கள். 2024-இல் மறுபடி ஆட்சி மாறியதும் விலையும் மறுபடி எழுந்தது. இந்தப் பத்தாண்டில் கிருஷ்ணா நதி இடம் மாறவில்லை, மண் நிறம் மாறவில்லை. மாறியதெல்லாம் ஓர் அரசு முடிவு. அந்த மண்ணில் கூலி வேலை செய்து பிழைத்தவர்களுக்கு இந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் மனை எதுவும் கிடையாது, மாதாந்திர உதவித்தொகை மட்டும்தான் என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. நிலத்தின் மதிப்பு பல மடங்கானபோது அவர்களுடைய வேலை இல்லாமல் போனது.

நகரத்து மனைக்கு வந்தால் மதிப்பைத் தீர்மானிப்பவை முதலில் சாலையும் சட்டமும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தமிழ்நாட்டில் 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது, சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. அதாவது, ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம் என்று இருந்தது, மற்ற விதிகள் இடம் கொடுத்தால், 4,800 ஆனது. ஒரு செங்கல் நகராமல், சொந்தக்காரர் தூங்கி எழுவதற்குள், அவருடைய மனையில் 1,200 சதுர அடி கூடுதலாகக் கட்டும் உரிமை முளைத்தது. ஆனால் அந்த உரிமையை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம், மேலே எத்தனை மாடி போகலாம், கூடுதல் கட்டணம் செலுத்தி இன்னும் எவ்வளவு பரப்பு வாங்கலாம் என்பதெல்லாம் மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. அதனால்தான் தரகர்கள் பேச்சை ‘முன்னாடி எத்தனை அடி ரோடு?’ என்று ஆரம்பிக்கிறார்கள். 20 அடிச் சாலையிலும் 40 அடிச் சாலையிலும் உள்ள ஒரே அளவு மனைகளை ஒரே சதுர அடி விலையில் ஒப்பிடுகிறவர் ஏமாந்துபோவார்.

அங்கீகாரத்தின் பலம் என்ன என்பதை 2016 செப்டம்பர் எல்லோருக்கும் காட்டிவிட்டது. விளைநிலங்களை அனுமதியில்லாமல் கூறுபோட்டு விற்பதைத் தடுக்க, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முந்தின நாள் வரை சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்ணக் கொடி கட்டி, வேன் வைத்து ஆளைக் கூட்டிப்போய்க் காட்டிய மனைகள் விற்க முடியாத நிலமாக நின்றன. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் பதிவானவற்றுக்குக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழி பிறந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில் மகள் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் என்று அந்த மனைகளை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பத்திர அலுவலகமே ஆண்டுக்கணக்கில் அந்த மனைகளுக்கு முத்திரைத்தாள் கட்டணம் வாங்கிப் பதிந்து கொடுத்துவந்தது என்பதும் உண்மை. வாங்கியவருடைய தவறு மட்டும்தான் அது என்று சொல்வது நியாயம் ஆகாது.

காகிதத்தின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. நம் நாட்டில் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிகிறது. உரிமைக்கு அது பொறுப்பேற்பதில்லை. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் விற்றால், முத்திரை குத்திய பத்திரம் கையில் இருந்தும் வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறை தீர்வை வாங்குவதற்காக வைத்திருக்கும் பதிவு, அது மட்டுமே உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆகவே மூலப்பத்திரத்திலிருந்து இன்று வரை கைமாறிய சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா, வில்லங்கச் சான்றில் அடமானமோ அக்ரிமென்டோ நிற்கிறதா, பாகப்பிரிவினையில் சகோதரிகள் கையெழுத்துப் போட்டார்களா என்பதெல்லாம் மதிப்பின் பகுதி. கூட்டுப் பட்டாவில் பத்துப் பெயர் இருக்கும் 50 சென்டும் தனிப் பட்டாவில் ஒரே பெயர் இருக்கும் 50 சென்டும் புலப்படத்தில் ஒரே வடிவமாக இருந்தாலும் சந்தையில் ஒன்றல்ல. பஞ்சமி நிலம் இதன் உச்சம். 1890-களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்த நிலம் பிறருக்குப் பதிவாகிக் கைமாறியிருந்தாலும் அந்தக் கிரயம் செல்லாது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்குகிறவர் பிறருடைய சொத்தின் மேல் பணத்தைக் கொட்டுகிறார்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். ‘எல்லாம் சரி, நிலம் வளராது, மக்கள் பெருகுகிறார்கள், அதனால்தானே விலை ஏறுகிறது? தட்டுப்பாடுதானே காரணம்?’ என்று கேட்பார்கள். தட்டுப்பாடு உண்டு, ஆனால் மண்ணுக்கு இல்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் கிடக்கிறது. சென்னையில் ஒரு கிரவுண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே பல ஏக்கர் வாங்கலாம். தட்டுப்பாடாக இருப்பது, வேலைக்குப் போகிறவர் ஒரு மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய, குழாயில் தண்ணீர் வரும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், மழைக்காலத்தில் மூழ்காத இடம். அந்தத் தட்டுப்பாட்டை மனிதர்கள் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஒரு ரயில் பாதை போட்டால் அப்படிப்பட்ட இடம் நிறைய உண்டாகும். பாதை போடாமல் விட்டால் இருக்கிற கொஞ்ச இடத்தின் விலை ஏறிக்கொண்டே போகும். நிலத்தை யாரும் உண்டாக்க முடியாது என்ற பழைய பேச்சு, திட்டமிடத் தவறியதற்குச் சாக்காகிவிடக்கூடாது.

இன்னொரு மறுப்பு வாஸ்து பற்றியது. கிழக்கு பார்த்த மனை முதலில் போய்விடும், தெற்கு பார்த்தது கடைசியில் பேரம் பேசி விற்கும், தெருக்குத்து உள்ள மனையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதில் சாலையும் இல்லை, சட்டமும் இல்லையே என்று கேட்கலாம். ஆனால் இதுவும் எல்லைக்கு வெளியே, அடுத்து வாங்க வரப்போகிறவரின் மனசில் இருக்கிறது. தனக்கு நம்பிக்கையே இல்லாதவர்கூட, நாளைக்கு விற்கும்போது கஷ்டம் என்று தெற்கு பார்த்ததைத் தவிர்ப்பார். நம்பிக்கை இல்லாதவரும் அதற்கு விலை கொடுக்கிறார். விலையில் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணம்கூட ஏறி உட்காருகிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தண்ணீர் விஷயத்தில்தான் என் வாதத்துக்கு உண்மையான சிக்கல் வருகிறது. வெளியே இருப்பதுதான் மதிப்பு என்றால், வெள்ளம் வரும் இடம் மலிவாக இருக்க வேண்டும். தியாகராய நகரோ ஏரிப்படுகை. 2021 நவம்பர் மழையில் அங்கே தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றதை ஊரே பார்த்தது. விலை குறைந்தபாடில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கின. அங்கேயும் மனை விற்பனை நின்றுவிடவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடந்தது. 2022-இல் அதை உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது எஞ்சியிருந்தது அதில் சிறு பகுதி. போனதெல்லாம் நல்ல விலைக்குத்தான் போயிற்று. இதற்கு என் பதில், விலையும் மதிப்பும் ஒன்றல்ல என்பது. விலை என்பது பார்க்க வந்த நாளில் கண்ணுக்குத் தெரிவதன் கூட்டுத்தொகை. மனை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வெயில் காலத்தில் போகிறார்கள். தரை காய்ந்திருக்கும், கல் நட்டிருக்கும், தார் மணக்கும். தண்ணீர் எங்கே இருந்தது என்பதை ஊர்ப்பெயர் சொல்லும், கேட்கிற காது வேண்டும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற பெயர்களில் உள்ள தாங்கல் சிறிய ஏரிதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக் இல்லை. கிராமப் புலப்படத்திலும் அ-பதிவேட்டிலும் ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் எல்லாம் புறம்போக்கு என்று குறித்தே இருக்கும். இவை அங்கீகார வரைபடத்தோடு கட்டாயமாக இணைக்கப்பட்டு, பழைய நீர்வழி ஒவ்வொரு மனையிலிருந்தும் எவ்வளவு தூரம், எவ்வளவு தாழ்வு என்று விற்பனை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தால், விலை மதிப்பை நெருங்கும். இன்றைக்கு அந்த வித்தியாசத்தை முதல் பெரிய மழையில், மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிற குடும்பம் தனியாகச் சுமக்கிறது.

அரசாங்கம் எழுதிவைக்கும் வழிகாட்டி மதிப்பு இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் என்று பலர் நம்புகிறார்கள். தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் பத்திரப் பதிவுத் துறை நிர்ணயிக்கும் அந்தத் தொகை முத்திரைத் தீர்வை வசூலிக்க ஓர் அளவுகோல், அவ்வளவுதான். 2017 ஜூன் 9 முதல் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் அப்படியே இருந்தது. 100 ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள மனைக்கு முன்பு 8 ரூபாய் கட்டினார்கள், பிறகு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பி வந்தது, பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது, ஆக 9 ரூபாய். இத்தனை மாற்றத்திலும் ஒரே இரவில் நிலம் மூன்றில் ஒரு பங்கு மலிந்ததும் இல்லை, பிறகு பாதியளவு ஏறியதும் இல்லை. எழுதும் எண் மாறியது, வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொண்ட தொகை தன் வழியில் போனது.

அப்படியானால் சாலையும் ரயிலும் சட்டமும் உண்டாக்கிய ஏற்றத்தில் ஊருக்குப் பங்கு வேண்டாமா? 1879-இல் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் நில வாடகை முழுவதையும் வரியாக எடுத்துவிட வேண்டும் என்றே எழுதினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 20 வருஷம் தவணை கட்டி, விலை விழுந்தால் தானே தாங்கிக்கொள்ளும் அபாயத்தோடு ஒரு மனை வாங்கியவரிடம் முழுவதையும் கேட்பது அநியாயம். இப்போது கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கான கூடுதல் வரி, விற்றால் மூலதன ஆதாய வரி வேறு, ஏற்கெனவே கொடுக்கிறோமே என்ற எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வரிகள் ஏற்றம் எங்கே நடந்தது என்று பார்ப்பதில்லை. சிறியதாக ஒரு வீடு கட்ட 2 சென்ட் வாங்குகிறவரும், மெட்ரோ வரும் வழி முன்கூட்டியே தெரிந்து 20 ஏக்கர் வளைத்தவரும் ஒரே சதவீதம் கட்டுகிறார்கள். நகர எல்லையிலிருந்து, அந்த நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்து, 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. உழவருக்குக் கொடுத்த அந்தச் சலுகைக்குள், நிலத்தில் கால் வைக்காமல் வாங்கிப்போட்டவரும் ஒளிந்துகொள்ள முடிகிறது. குடியிருக்கிறவரைத் தொடாமல், நிலம் விற்கும்போதோ வகைப்பாடு மாறும்போதோ, குறிப்பிட்ட சாலையோ நிலையமோ உண்டாக்கிய ஏற்றத்தில் ஒரு பகுதியை மட்டும் அந்த ஊருக்கே எடுத்தால், அந்தப் பணத்தில் மழைநீர் வடிகாலாவது போடலாம். அதே நியாயம் மறுபக்கமும் பொருந்த வேண்டும். குப்பை மேட்டுக்குப் பக்கத்தில், உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே, பொது நன்மைக்கென்று மதிப்பை இழந்தவருக்கு ஊர் ஈடு கொடுக்க வேண்டும்.

நில எடுப்பில் இந்த நியாயம் எவ்வளவு தூரம் தடுமாறுகிறது என்று பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பைக் கணக்கிட மாவட்ட ஆட்சியர் முத்திரைச் சட்டத்தின்படியான மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். அதன் மேல் கிராமப்புறத்துக்குப் பெருக்கல் எண், அதன் மேல் 100 சதவீத ஆறுதல் தொகை. எழுத்தில் தாராளமான சட்டம். ஆனால் எல்லாம் அந்தப் பத்திரங்களில் எழுதிய எண்ணைப் பிடித்துத் தொங்குகிறது. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க 40 லட்சத்துக்கு வாங்கிய நிலத்தை 12 லட்சம் என்று வழிகாட்டி மதிப்பில் பதிந்தவர் தன் பணத்தை மட்டும் மறைக்கவில்லை, பக்கத்து வயல்காரருக்கு நாளைக்கு வர வேண்டிய ஈட்டையும் வெட்டிவிட்டார். பக்கத்து வயல்காரருக்கு அந்தப் பத்திரம் பதிவானதே தெரியாது.

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் குறிக்கப்பட்ட அந்த எல்லைக்கோட்டுக்குள் ஏகனாபுரம் போன்ற ஊர்களின் வீடும் வயலும் ஏரியும் இருக்கின்றன, ஊர் மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். ஓடுபாதையும் அணுகு சாலையும் கொண்டுவரப்போகும் மதிப்பு கோட்டுக்கு வெளியே இருக்கிற மனைகளுக்குப் போகும். கோட்டுக்கு உள்ளே இருக்கிறவர் நிலத்துக்கு, விமானத்தை யாரும் நினைக்காத காலத்தில் நெல்லுக்காக வாங்கி விற்ற பத்திரங்களும் சாட்சி சொல்லும். ஒரே ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்கள், ஒரே ‘மண் வயனமும் ரகமும்’. யாருடைய வயல் எந்தப் பக்கம் விழுந்தது என்பது வரைபடத்தில் கோடு போட்டவருடைய கையில் இருந்தது.